நாயைக் கட்டிவிட்டு ஜெபம்

எங்கள் பக்கத்தில் வீட்டு ஜெபம் என்றால் முதல் வேலை நாயைக் கட்டுவது. பாய் விரிப்பதும் நாற்காலி இரவல் வாங்குவதும் அதற்குப் பிறகுதான். சபையில் பாதிப் பேருக்கு நாய் என்றாலே பயம். மீதிப் பேருக்கு வெள்ளைச் சேலையில் கால் வைத்துவிடும் என்று பயம். யார் வீட்டில் ஜெபம் வைத்தாலும் கேட்டுக்கு வெளியில் நின்று, "பட்டியக் கெட்டியாச்சா?" என்று ஒரு குரல் வரும். பட்டி என்றால் எங்கள் பேச்சில் நாய். கெட்டியாச்சு என்று பதில் போனால்தான் ஆள் உள்ளே வரும். எங்கள் போதகரும் அப்படித்தான். விசுவாசத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார், எங்கள் கைசரைக் கண்டால் குடையை மடக்கி முன்னால் நீட்டிக்கொள்வார்.

கைசர் என்ற பெயரைக் கேட்டுப் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். செம்மண் நிறம், மடிந்துபோன ஒரு காது, பாதி வால். சாதாரண நாட்டு நாய். என் வீட்டுக்காரர் ஞானையன் ஒரு மழைக்காலத்தில் ரப்பர் மரம் நிற்கும் பக்கத்து விளையிலிருந்து, தோளில் கிடந்த துவர்த்துத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். அங்கேதான் அவருக்கு வேலை. ரப்பர் பாலை உறையவைத்து ஷீட் அடித்து, புகைப்புரையில் தொங்கவிட்டு உலர்த்தும் வேலை. அப்போது அவர் தலை நன்றாக இருந்தது. பெயர் வைத்தவரும் அவர்தான். எனக்கு நாயே பிடிக்காது, இதில் பெயர் வேறு கேடா என்று சொன்னேன்.

இப்போது அவருக்கு மறதி நோய். முதலில் சாவியை மறந்தார், பிறகு ஆட்களின் பெயர், பிறகு சாப்பிட்டதை, கடைசியில் என்னையும் அவ்வப்போது. நல்ல நாளில் "ஏட்டி" என்று கூப்பிடுவார். கெட்ட நாளில் "உங்களுக்கு எந்த ஊரு?" என்று மரியாதையாகக் கேட்பார். கல்யாணமான நாளிலிருந்து பொங்கிப் போடுகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? ஏசினால்கூடப் பொறுத்துக்கொள்வேன், அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியாது.

அவரிடம் இன்னொரு கேள்வியும் உண்டு. "வண்டி வந்தாச்சா?" ஷீட் ஏற்றிப்போக எப்போதோ வந்துகொண்டிருந்த லாரியைக் கேட்கிறார். முதல் தடவை "இல்ல" என்பேன். அடுத்த தடவை "வரும்" என்பேன். அதற்கு அடுத்த தடவை கத்துவேன். நாயிடமும் அதையே கேட்பார். அதுவோ ஒவ்வொரு தடவையும் இப்போதுதான் முதலில் கேட்பதுபோல நல்ல காதைத் தூக்கும், எழுந்து கேட் வரைக்கும் போகும், ரோட்டைப் பார்க்கும், திரும்பி வந்து அவர் காலடியில் படுக்கும். அவருக்கு அதுவே போதும், சமாதானமாகிவிடுவார். எனக்கு அந்த நாய்மேல் இருந்த எரிச்சலில் பாதி இதனால் வந்ததுதான். என்னால் முடியாததை ஒரு பட்டி செய்துகொண்டிருந்தது.

காலையில் எழுந்ததும் அவர் வெளியே இறங்கிவிடுவார். பூட்டி வைத்துப் பார்த்தேன். கதவை இடித்தார், பிறகு குழந்தைபோல அழுதார். அதைப் பார்க்கச் சகிக்காமல் விட்டுவிட்டேன். கைசர் கூடப் போகும். அவர் நின்றால் நிற்கும், சானல் கால்வாய்க் கரையில் உட்கார்ந்தால் உட்காரும், வழி தெரியாமல் முழித்தால் வீட்டுப் பக்கம் நாலடி நடந்து திரும்பிப் பார்க்கும். எப்படியும் கஞ்சி நேரத்துக்கு இருவரும் வந்துவிடுவார்கள். நாய்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு நான் வீட்டு வேலையைப் பார்ப்பேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலிருந்தே மழை. கஞ்சி ஆறிப்போனது, இருவரும் வரவில்லை. முதலில் எனக்குப் பயம் வரவில்லை. வீடு அமைதியாக இருந்தது. யாரும் எதையும் கேட்கவில்லை. பால் விடாமல் ஒரு கட்டஞ்சாயா போட்டு, அடுக்களைப் படியில் உட்கார்ந்து, ஆறுவதற்குள் குடித்து முடித்தேன். எத்தனை மாதமாயிற்று அப்படி ஒரு சாயா குடித்து! நன்றாக இருந்தது. தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தபோதுதான் நெஞ்சு திக்கென்றது.

பக்கத்து வீட்டு தேவகுமாரிடம் ஓடினேன். தேவகுமார் எங்கள் சபைச் செயலர். ஒரு காரியம் என்றால் முன்னால் நிற்கிற ஆள், அதை இல்லையென்று சொல்ல மாட்டேன்.

"பதறாதீங்க அக்கா. நாய் கூட உண்டுல்லா, எங்க போயிரப் போறாரு" என்றான்.

பையன்களைச் சேர்த்துக்கொண்டு சானல் கரை, சாயாக்கடை, ஜங்ஷன், சுடலைமாடன் கோயில் பக்கம் எல்லாம் தேடினான். ரப்பர் விளைக்குள்ளும் ஒரு நடை போய்வந்தான். மழைக்காலம், பால் வெட்டு இல்லாததால் அங்கே ஆள் நடமாட்டம் கிடையாது.

"புகைப்புரையப் பாத்தியா மக்கா?" என்று கேட்டேன்.

"பாத்தேன் அக்கா. பூட்டிக் கெடக்கு. துருப்பிடிச்ச பூட்டு, யாரும் தொறந்த லெட்சணம் இல்ல."

அந்த நேரம் பார்த்து போன் வந்தது. களியக்காவிளை பஸ் ஸ்டாண்டில் ஒரு வயதான ஆள் தனியாக நிற்கிறார், தோளில் துவர்த்து இருக்கிறது என்று யாரோ வாட்ஸ்ஆப்பில் போட்டிருந்தார்களாம். அவ்வளவுதான், இருந்த பைக் எல்லாம் களியக்காவிளைக்குப் பறந்தது. தோளில் துவர்த்துப் போடாத வயதான ஆள் நம் மாவட்டத்தில் யார் இருக்கிறார்கள்? அது வேறு யாரோ. உடனே, கேரளா பஸ்ஸில் ஏறியிருப்பார் என்று ஒருவர் சொன்னார். பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் என்று தேடல் தூரம் தூரமாகப் போய்க்கொண்டே இருந்தது. போலீசிலும் எழுதிக் கொடுத்தோம்.

குவைத்திலிருந்து மகன் ஜெனித் வீடியோ காலில் வந்து ஒவ்வொன்றாகக் கேட்டான்.

"அம்மா, அப்பா என்ன கலர் சட்ட போட்டிருந்தாவ?"

எனக்குத் தெரியவில்லை. காலையில் பொத்தான் போட்டுவிட்டவள் நான்தான். பொத்தானைப் பார்த்திருக்கிறேன், சட்டையைப் பார்க்கவில்லை. சீக்கிரம் போட்டு அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரம் மட்டும் ஞாபகம் இருந்தது. நீலம் என்று சொன்னேன். பிறகு காவி என்றேன். அவன் "செரிம்மா, செரிம்மா" என்றான்.

அந்த ராத்திரியைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. மழை விடவே இல்லை, நான் படுக்கவும் இல்லை.

விடிந்து கொஞ்ச நேரத்தில் கைசர் வந்தது. தனியாக வந்தது. வயிறும் முதுகும் சேறுபோலக் கறுத்து, முன்னங்கால் நகத்தில் ரத்தம். கேட்டுக்குள் நுழைந்ததும் குரைக்கத் தொடங்கியது. நான் அதைப் பார்க்கவில்லை, அதற்குப் பின்னால் பார்த்தேன். ரோடு காலியாகக் கிடந்தது. எங்கிருந்து அப்படி ஒரு கோபம் வந்ததோ தெரியவில்லை. முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த வாரியலால் ஓங்கி அடித்தேன்.

"எங்க விட்டுட்டு வந்தே சவமே? உன்ன நம்பித்தானே விட்டேன்."

அது ஓடவில்லை. அடியை வாங்கிக்கொண்டு என் சேலை நுனியைக் கவ்வி இழுத்தது. சேலை கிழிந்தது. மறுபடியும் அடித்தேன், மறுபடியும் கவ்வியது. தேவகுமாரின் மனைவி சபிதா மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, கைய மாத்துங்க. அதுக்க கண்ணப் பாருங்க, வெறி பிடிச்சிருக்கும் போல. இப்பத்தான் பேப்பர்ல வெறிநாய் சங்கதியாட்டு வந்துட்டு இருக்கு. அதும் இல்லாம பத்து மணிக்கு ஆளுவ ஜெபத்துக்கு வருவாங்க."

அவருக்காக எங்கள் வீட்டில் ஜெபம் வைப்பதென்று இரவே முடிவு செய்து குரூப்பில் போட்டுவிட்டார்கள். தேவகுமார் சங்கிலியோடு வந்தான். இரண்டு பேருமாகப் பிடித்து, பின்முற்றத்தில் அயனி மரத்தில் கட்டினோம்.

"பசி எடுத்ததும் வீட்டுக்கு வந்துட்டு. நாய்க்க நன்றி இவ்வளவுதான் அக்கா" என்று தேவகுமார் பெருமூச்சு விட்டான்.

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. இருந்தும் பாவம் என்று முந்தின நாள் சோறும் சாளைமீன் குழம்பும் சட்டியில் வைத்தேன். அது சட்டிப் பக்கமே திரும்பவில்லை. பசித்து வந்த நாய் சோற்றைப் பார்க்காமல் இருக்குமா என்பது ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தோன்றியிருக்கும், எனக்குத் தோன்றவில்லை.

பத்து மணிக்குக் கேட்டில் குரல் வந்தது.

"பட்டியக் கெட்டியாச்சா?"

"கெட்டியாச்சு" என்று நான்தான் சொன்னேன்.

சபையே திரண்டு வந்திருந்தது. மழையைப் பொருட்படுத்தாமல் வந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வீடு நிறைந்து, முற்றத்தில் தார்ப்பாய் கட்டி அதற்குக் கீழும் ஆட்கள். தேவகுமார் சபையின் ஸ்பீக்கர் பெட்டியைக் கொண்டுவந்து படியில் வைத்தான். முதல் பாட்டு தொடங்கியபோதே பின்னால் கைசர் குரைத்தது. குரைப்பு என்று சொல்வதா, கதறல் என்று சொல்வதா தெரியவில்லை. சங்கிலி மரத்தில் அடிபடும் சத்தமும் சேர்ந்து வந்தது. போதகர் கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தார்.

"ஆண்டவரே, காணாமல்போன எங்கள் சகோதரன் இருக்கும் இடத்தை எங்களுக்குக் காட்டும். ஒரு அடையாளம் தாரும். ஒரு சின்ன அடையாளம் போதும் ஆண்டவரே."

குரைப்பு கூடியது. போதகர் ஒரு கண்ணைத் திறந்து தேவகுமாரைப் பார்த்தார். தேவகுமார் பெட்டியின் சத்தத்தைக் கூட்டினான். கேட்ட அடையாளம் பின்முற்றத்தில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது, நாங்கள் அதைவிடச் சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். அப்போது எனக்கு இது விளங்கவில்லை. "இந்தச் சனியன் வாயை மூடக்கூடாதா" என்றுதான் நினைத்தேன்.

பிறகு அவருக்குப் பிடித்த கீர்த்தனையைப் பாடச் சொன்னேன். என் பெயரை மறந்த மனுஷன் அந்தப் பாட்டின் ஒரு அடியைக்கூட மறக்கவில்லை. குளிக்கும்போது பாடுவார், சாப்பிடும்போது பாடுவார், எனக்கு எரிச்சல் வரும்வரை பாடுவார். எல்லாரும் எழுந்து நின்று முழுவதையும் பாடினார்கள். என்னால் பாட முடியவில்லை. கிழிந்த சேலை நுனியை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன். இனி இந்தப் பாட்டை வீட்டில் யார் பாடப்போகிறார்கள் என்ற நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததும், அவர் போய்விட்டார் என்று நானே முடிவு கட்டிவிட்டேன் என்பது புரிந்தது. ஆள் கிடைக்குமுன்பே கைவிட்டவள் நான்.

ஜெபம் முடிந்து சுக்குக்காப்பியும் பழமும் கொடுத்தார்கள். கையைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "கர்த்தருடைய சித்தம்" என்றார் ஒருவர். "அவரு கஷ்டப்படாமப் போயிருந்தா அதுவும் கிருபதான்" என்றாள் இன்னொருத்தி, நல்ல மனசோடுதான் சொன்னாள். ஜெனித் போனில் டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொன்னான். எதற்கு வருகிறான் என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

கடைசி ஆள் படி இறங்கும்போதுதான் சத்தம் நின்றுபோயிருப்பதைக் கவனித்தேன். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. இவ்வளவு நேரம் வாயை மூடாதா என்று நினைத்தவளுக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. போய்ப் பார்த்தேன்.

சோற்றில் எறும்பு மொய்த்திருந்தது. கைசர் சங்கிலி எட்டும் மட்டும் போய், கழுத்து இறுக, நாக்கு வெளியே தள்ளிப் படுத்திருந்தது. கழுத்தைச் சுற்றி மயிர் போய்ச் சதை தெரிந்தது. மண்ணை ஒரே பக்கமாகத் தோண்டியிருந்தது. வீட்டுப் பக்கம் ஒரு கீறல்கூட இல்லை. எல்லாத் தோண்டலும் மதிலை நோக்கி. மதிலுக்கு அந்தப் பக்கம் ரப்பர் விளை. நான் பக்கத்தில் போய் நின்றும் அது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, குரல் போய்விட்டதால் மதிலைப் பார்த்து வாயை மட்டும் திறந்து மூடியது.

குனிந்து அதன் முதுகைத் தொட்டேன். காலையில் சேறு என்று நினைத்தது சேறு இல்லை. விரலில் எண்ணெய்ப் பிசுக்காகக் கறுப்பாய் ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன். புகைக்கரி. புகைப்புரைச் சுவரில் வருடக்கணக்காகப் படிந்து கிடக்கிற கரி. எத்தனை வருடம் அந்தக் கரியை அவர் சட்டைக் கையிலிருந்து கல்லில் அடித்துத் துவைத்திருக்கிறேன். சோப்புப் போட்டாலும் போகாத வாசம் அது.

சங்கிலி இறுகியிருந்ததில் கொக்கி கழலவில்லை. "தேவகுமாரு" என்று கூப்பிட்டேன். அவன் வருவதற்குள் கொக்கியைப் பல்லால் கடித்துத் திறந்துவிட்டேன். அந்த நாயின் கழுத்துப் புண்ணில் என் முகம் பட்டது. அது முறைக்கவில்லை, உறுமவில்லை. எழுந்ததும் ஓடியது.

மதில் இடிந்த இடத்தில் ஏறி நின்று திரும்பிப் பார்த்தது. வருகிறேனா என்று பார்க்கிறது. என் முட்டு இருக்கிற நிலையில் அந்த மதிலைத் தாண்டுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். தாண்டினேன். விளைக்குள் சருகும் சகதியுமாக வழுக்கியது. ஒரு இடத்தில் விழுந்தேன். முன்னால் போன நாய் அத்தனை அவசரத்திலும் திரும்பி வந்து பக்கத்தில் நின்றது. நான் எழுந்த பிறகுதான் மறுபடி நகர்ந்தது. காலையில் வாரியலால் அடித்தவள், சங்கிலியைப் பிடித்துக் கொடுத்தவள், கெட்டியாச்சு என்று சொன்னவள் எல்லாம் நான்தான். அதை எல்லாம் அது எங்கேயும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. மனுஷரில் இப்படி ஒருத்தரை நான் பார்த்ததில்லை, நானும் அப்படி இருந்ததில்லை.

"அக்கா, அங்க பூட்டிக் கெடக்கு. நாந்தான் நேத்து பாத்தேன்லா" என்று பின்னால் தேவகுமார் கத்திக்கொண்டே வந்தான்.

பூட்டு அவன் சொன்னபடியே துருப்பிடித்துத் தொங்கியது. கைசர் அந்தக் கதவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்பக்கம் சுற்றி ஓடியது. பின்சுவரில் முன்பே ஆள் நுழையும் அளவுக்கு ஒரு உடைசல் உண்டு, அவர் அந்த வழியாகத்தான் உள்ளே போயிருக்க வேண்டும். மழையில் ஊறிய மண்சுவர் பாதி சரிந்து, கூரைத் தகரம் அதன்மேல் மடிந்து கிடந்தது. தகரத்துக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு நாய் புகும் அளவுக்குப் பொந்து. அதைத் தோண்டித்தான் நகத்தில் ரத்தம் வந்திருக்கிறது. அது அதற்குள் நுழைந்து மறைந்தது.

"ஜெனித்துக்க அப்பா" என்று கூப்பிட்டேன்.

பதில் இல்லை. மழைத் தண்ணீர் தகரத்தில் சொட்டும் சத்தம் மட்டும். இன்னொரு தடவை கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. கூப்பிட்டு அவர் பதில் சொல்லாவிட்டால் அதற்குப் பிறகு நான் என்ன செய்வேன். மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். தேவகுமார் போனில் ஆளைக் கூப்பிட்டான். சுக்குக்காப்பி குடித்துவிட்டு ரோட்டில் போய்க்கொண்டிருந்தவர்கள் வெள்ளை வேட்டியோடு ஓடிவந்து தகரத்தைப் பிடித்தார்கள். போதகரும் குடையைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரு மூலையைப் பிடித்தார்.

தகரம் விலகியது. அவர் ஒருக்களித்துக் கிடந்தார். ஒரு கால் உத்தரத்துக்கு அடியில். முகம் சாம்பல் நிறம். கண் மூடியிருந்தது. சட்டை பச்சை. மார்புக்குப் பக்கத்தில் கரியும் சாம்பலும் கலந்த தரையில் ஒரு நாய் சுருண்டு படுக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. கைசர் அந்தப் பள்ளத்தில் போய், அளவெடுத்ததுபோலப் படுத்து, அவர் தாடையில் தலையை வைத்துக்கொண்டது. ராத்திரி முழுக்க அந்த இடத்தில்தான் இருந்திருக்கிறது. விடிந்த பிறகுதான், தன்னால் ஆகாது என்று தெரிந்து, எங்களைத் தேடி வந்திருக்கிறது. வந்த இடத்தில்தான் நாங்கள் அதைக் கட்டிப்போட்டோம்.

அவர் கையை எடுத்தேன். மழைக்காலத்துக் கிணற்றுக் கயிறுபோலச் சில்லென்று இருந்தது. உயிர் இல்லை என்றுதான் நினைத்தேன். தேவகுமார் மூக்கின்கீழ் விரலை வைத்துப் பார்த்து, "மூச்சு உண்டு. அக்கா, மூச்சு உண்டு" என்று சொல்லி அப்படியே அழத் தொடங்கினான். உத்தரத்தைத் தூக்கும்போது வலி தாங்காமல் அவர் கண் திறந்தது. உதடு அசைந்தது.

"வந்தியா?" என்றார்.

"வந்துட்டேன். நான் வந்துட்டேன்" என்று குனிந்தேன்.

அவர் கண் என்னைத் தாண்டிப் போய்க் கைசர்மேல் நின்றது. கை மெதுவாக நகர்ந்து அதன் மடிந்த காதைப் பிடித்துக்கொண்டது.

பெஞ்சுப் பலகையில் கிடத்தி ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். காதிலிருந்து கையை எடுக்கவில்லை, அதனால் கைசரும் பலகையை ஒட்டியே நடந்தது. 108 வண்டியில் வந்த பெண் சின்னப் பெண்தான், ஆனால் கெட்டிக்காரி. நாடி பிடித்தாள், காலுக்குக் கட்டை வைத்துக் கட்டினாள், கம்பளியால் மூடினாள். ரொம்பக் குளிர் ஏறியிருக்கிறது, காலையிலேயே கிடைத்திருந்தால் நல்லது, இப்போது சொல்வதற்கில்லை, வேகமாகப் போகவேண்டும் என்றாள். காலையிலேயே என்ற சொல்லைக் கேட்டதும் தேவகுமார் தலையைக் குனிந்துகொண்டான். சபிதா என் தோளைப் பிடித்தாள்.

அவரைத் தூங்கவிடக்கூடாது என்பதற்காக அந்தப் பெண் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

"அப்பா, உள்ள தனியா கெடந்து பயந்துட்டேளா?"

"தனியா இல்ல. அவன் இருந்தான்" என்றார். சத்தம் வரவில்லை, உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள முடிந்தது. "பொறவு பாட்டு கேட்டுது. நானும் பாடினேன். அவங்க நல்ல சத்தமாப் பாடினாங்க."

எங்கள் வீட்டுக்கும் அந்தப் புகைப்புரைக்கும் நடுவில் ஒரு மதிலும் கொஞ்சம் விளையும்தான். நாங்கள் பெட்டியைக் கூட்டி வைத்து அவருடைய பாட்டைப் பாடிக்கொண்டிருந்தோம். மதிலுக்கு அந்தப் பக்கம், உத்தரத்துக்கு அடியில் கிடந்து, அவரும் எங்களோடு சேர்ந்து பாடியிருக்கிறார். சத்தம் கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் கேட்டிருக்கும். வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"செரி அப்பா. இவங்க யாருன்னு தெரியுதா?" அந்தப் பெண் என்னைக் காட்டிக் கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். சகதியும் கரியுமாக, கிழிந்த சேலையோடு நிற்கிற என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். முகத்தில் அந்த மரியாதை வந்தது.

"ஜெபத்துக்கு வந்தவங்களா இருக்கும்" என்றார்.

அந்தப் பெண் சங்கடத்தோடு என்னைப் பார்த்தாள். அவர் தெரியாமல் சொன்னாலும் சரியாகத்தான் சொன்னார். நேற்றிலிருந்து அவருக்காக நான் செய்தது அது ஒன்றுதான்.

"கூட ஒருத்தர் மட்டும் ஏறுங்க. யாரு வாறது?" என்று கேட்டாள்.

"அவன ஏத்தும்மா. நான் பொறவு ஆட்டோ பிடிச்சு வாறேன்" என்றேன்.

பதற்றத்தில் உளறுகிறேன் என்று நினைத்து அவள் என் முதுகைத் தட்டிக்கொடுத்து, கையைப் பிடித்து உள்ளே ஏற்றினாள். கைசரின் காதிலிருந்து அவர் விரலைத் தேவகுமார் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். கதவு சாத்தியதும் அவர் கை கம்பளிக்கு வெளியே எதையோ தேடியது. நான் என் கையைக் கொடுத்தேன். தடவிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.